புரையேறும் அப்பாவுக்குக் குரல் பயிற்சி எதற்கு?

வாசகர் கடிதம்:

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். கோவிலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவர் பேசுவது காதில் விழுகிறது. டீ குடித்தால் இருமுகிறார், சோறு தொண்டையில் நிற்கிறது என்கிறார். ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் அவரை 'ஆ' என்று இழுக்கச் சொல்லி, சுருதியை ஏற்றி இறக்கச் சொல்லி, அதையே வீட்டிலும் செய்யும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். டீயில் கெட்டியாக்கும் பொடி கலக்கச் சொன்னார். சாப்பாடு இறங்காத மனுஷனுக்குப் பாட்டுப் பயிற்சி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். மூன்று வாரத்தில் குரல் நன்றாகத் தெளிந்திருக்கிறது. பொடியை நிறுத்திவிடலாமா? கோவிலில் மறுபடி பாடினால் அதுவே பயிற்சி ஆகாதா? நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு விழுங்குகிற பயிற்சி ஒன்றைத் தங்கை வீடியோவில் அனுப்பினாள். கூழ் கொடுத்துச் செய்து பார்த்தோம், பயங்கரமாகப் புரையேறிவிட்டது. அப்போது தலையில் தட்டினோம், அது சரியா?

பதில்:

முதலில் அந்த நாக்குப் பயிற்சியை நிறுத்துங்கள். அது உண்மையான பயிற்சிதான், ஆனால் எச்சிலை மட்டும் விழுங்கிச் செய்ய வேண்டியது. நாக்கின் நுனியை முன்னால் பிடித்து வைத்தால் அடிநாக்கு பின்னால் போய் உணவைத் தள்ள முடியாது. அதை ஈடுகட்டத் தொண்டையின் பின்சுவர் கூடுதலாக முன்னுக்கு வரும், பயிற்சியின் நோக்கமே அதுதான். அந்த நேரத்தில் வாயில் கூழ் இருந்தால் பாதி தொண்டையிலேயே தங்கும், மூச்சுப் பாதையும் சரியாக மூடாது. நீங்கள் கண்டது அதன் விளைவு. உங்கள் தெரபிஸ்ட் தனியாகச் சொன்னாலொழிய இது உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று நாள் அவரைக் கவனியுங்கள். காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்குவது, சளி நிறம் மாறுவது, வழக்கத்தைவிட மந்தமாக அல்லது குழப்பமாக இருப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்கு நுரையீரல் தொற்று பல நேரம் காய்ச்சலே இல்லாமல் வரும். சோர்வும் குழப்பமும்தான் முதல் அடையாளமாக இருக்கும்.

இனி வீட்டில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்.

குரல்வளையின் முதல் வேலை பேச்சு இல்லை, மூச்சுக்குழாய்க்குள் சோறும் தண்ணீரும் போகாமல் காப்பதுதான். விழுங்கும்போது மூன்று காரியம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். குரல் நாண்கள் இரண்டும் நடுவில் வந்து இறுக மூட வேண்டும். குரல்வளை முழுவதும் மேலேயும் முன்னாலும் ஏற வேண்டும், ஏறத்தாழ 2 செ.மீ. அந்த ஏற்றத்தால் உணவுக்குழாயின் வாசல் இழுபட்டுத் திறக்க வேண்டும். இதே நாண்களைத்தான் 'ஆ' சொல்லும்போது மூடுகிறோம். உச்சக் குரலுக்குப் போகும்போது குரல்வளை மேலேறுகிறது. உங்கள் தொண்டைக் குமிழ் மேல் ஒரு விரலை லேசாக வைத்து, 'ஈ' என்று அடிக்குரலில் தொடங்கி, உச்சி வரை வழுக்கிக்கொண்டே போங்கள். குமிழ் விரலுக்கு அடியில் நகர்ந்து ஏறும். அடுத்து எச்சிலை விழுங்குங்கள். அதே திசையில், இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக ஏறும். வீட்டில் சந்தேகப்படுகிறவர்களை இதை ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நரம்பும் ஒன்றே. வேகஸ் நரம்பிலிருந்து பிரியும் மேல் குரல்வளை நரம்புக்கு இரண்டு கிளைகள் உண்டு. வெளிக்கிளை சுருதியை ஏற்றும் தசையை இயக்குகிறது. குரல் நாண்களுக்கு மேலே ஏதாவது விழுந்தால் அதை உணர்ந்து இருமலைக் கிளப்புவது உட்கிளை. அதனால்தான் ஒருவரால் சுருதியை ஏற்றவே முடியவில்லை என்றால், பக்கத்துக் கிளையும் மந்தமாக இருக்குமோ, புரையேறுவதே அவருக்குத் தெரியாமல் போகுமோ என்று தெரபிஸ்ட் யோசிக்கிறார். உச்சக் குரல் குறைந்தவர்களில் புரையேறுவது அதிகம் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இது ஒரு தடயம்தான், தீர்ப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் 'ஆ' சொல்லச் சொன்னது அப்படித் தடயம் சேர்க்கத்தான். எதையும் குடிக்கத் தருவதற்கு முன் ஒரு 'ஆ' கேட்டிருப்பார், பிறகு ஒப்பிடுவதற்காக. நன்றாக மூச்சு இழுத்து எத்தனை விநாடி இழுக்க முடிகிறது என்று பார்த்திருப்பார். ஆரோக்கியமான பெரியவர்கள் 15 முதல் 20 விநாடிக்கு மேலும் இழுப்பார்கள். 10 விநாடிக்குக் கீழே வந்தால் நாண்கள் சரியாகச் சேராமல் காற்று ஒழுகுகிறதா, இல்லை நெஞ்சில் மூச்சே போதவில்லையா என்ற கேள்வி எழும். அதைப் பிரித்துப் பார்க்க, குரல் இல்லாத 'ஸ்ஸ்' ஒலியை எத்தனை விநாடி, அதையே குரல் கொடுத்து இழுக்கும் ஒலியை எத்தனை விநாடி என்று அளப்பது உண்டு. இரண்டும் குறைவாக இருந்தால் குறை மூச்சில். முதலாவது நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் வந்து, விகிதம் 1.4-ஐத் தாண்டினால் குறை நாண்களில்.

பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் மறுபடி 'ஆ'. தொண்டையில் நீர் தேங்கியிருந்தால் குரல் கொப்பளித்துக்கொண்டு வரும். நாங்கள் 'ஈரக் குரல்' என்று சொல்வது இதைத்தான். உடனே கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கேட்க வேண்டும், மேலே தேங்கி நின்ற நீர் மெதுவாக நாண்கள் மேல் வழிய நேரம் பிடிக்கும். விழுங்கிய பின் இருமல், விழுங்கிய பின் குரல் மாற்றம், முன்பே இருக்கும் குரல் கெடுதல், குழறல் பேச்சு, இருமச் சொன்னால் வலுவில்லாமல் இருமுவது, தொண்டையைத் தொட்டால் குமட்டல் வராமை: இந்த ஆறில் குறைந்தது இரண்டு சேர்ந்து இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். பக்கவாத நோயாளிகளை வைத்து வகுத்த கணக்கு இது. பார்க்கின்சனிலும் இதே அடையாளங்களைத்தான் பார்க்கிறோம், ஆனால் நம்பகம் சற்றுக் குறைவு.

காரணம், பார்க்கின்சனில் சத்தமில்லாமல் புரையேறுவது சகஜம். நீர் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், இருமல் வராது, குரலும் மாறாது. ஈரக் குரல் கேட்டால் எங்கோ தேங்கியிருக்கிறது என்று பொருள். உலர்ந்த தெளிவான குரல் கேட்டால் உள்ளே எதுவும் போகவில்லை என்று பொருள் ஆகாது.

பொடியை நிறுத்தலாமா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. குரல் தெளிந்ததை வைத்து நிறுத்தக் கூடாது. குரல் நன்றாக வருவது நாண்கள் முன்பைவிட இறுக மூடுகின்றன என்பதற்கு அடையாளம். விழுங்கத் தொடங்குவதில் தாமதம், அடிநாக்கின் பலவீனம், உணவுக்குழாய் வாசல் திறக்காமை, உணர்ச்சிக் குறைவு ஆகியவற்றைக் குரல் காட்டிக்கொடுக்காது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுப்பது ஒரு வழி. மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டில் ஒன்றைச் செய்த பிறகுதான் பொடியைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். பொடி கலந்த டீ யாருக்கும் பிடிக்காது. பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்து உடலில் நீர் வற்றிப்போவதும் ஓர் ஆபத்துதான். ஆகவே, "எத்தனை நாள் இது? எப்போது மறுபடி பரிசோதனை?" என்று தெரபிஸ்டை நேராகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சிக்கு வருவோம். உங்கள் அப்பாவுக்குக் கொடுத்திருப்பது உரத்த குரல் சிகிச்சை வகையைச் சேர்ந்தது என்று தாளைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. இதில் பெயர் பெற்ற முறை 1987-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கியது. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரைத் தாங்கியது. முழு முறை வாரம் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம், ஆக 16 அமர்வுகள், பயிற்சி பெற்ற தெரபிஸ்டோடு நடக்கும். 2002-இல் 8 நோயாளிகளிடம் செய்த சிறு ஆய்வில், குரலுக்காகக் கொடுத்த இந்தச் சிகிச்சையால் நாக்கு உணவை நகர்த்தும் நேரம் குறைந்ததும் தொண்டையில் தேங்குவது சில வகைகளில் குறைந்ததும் எக்ஸ்ரேயில் தெரிந்தது. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆகவே நம்பிக்கை தரும் துணைச் சிகிச்சை என்று சொல்லலாம், தனியாக நின்று புரையேறுவதைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் செய்யும்போது எண்ணிக்கை உங்கள் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். செய்யும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

நேரம் முக்கியம். பார்க்கின்சனுக்குப் போடும் லெவோடோபா மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு மாத்திரை போட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உடல் இளகும். சாப்பாட்டையும் அதே நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரையைப் பருப்பு, கறி, பால் போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் சிலருக்குப் பலன் குறையும். மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்க வசதியாக இருக்கட்டும் என்று பொடித்துவிடாதீர்கள். அதற்கு மாற்று உண்டா என்று பார்மசியில் கேளுங்கள்.

சாய்வு நாற்காலி வேண்டாம். முதுகு நிமிர, இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார வையுங்கள். அடி வயிறு வரை மூச்சு இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, 'ஆ' என்று உரக்க, முடிந்தவரை நீளமாக. உரக்க என்றால் கத்துவது இல்லை. கழுத்து நரம்பு புடைத்தாலோ, தோள் தூக்கிக்கொண்டாலோ, குரல் நெரிந்து வந்தாலோ அது தவறான உரம். அப்படி அழுத்தினால் தொண்டை வலித்து மறுநாள் குரல் கம்மிவிடும். போனில் ஒலி அளக்கும் ஆப் இருந்தால் முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, தினமும் அதே மேசையில் வைத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடுங்கள். போன் காட்டும் டெசிபல் துல்லியமானது இல்லை, ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதும். "கத்துகிற மாதிரி இருக்கிறது" என்று அப்பா சொல்வார். பார்க்கின்சனில் தன் குரலின் அளவு தனக்கே தப்பாகத் தெரியும். அவருக்குக் கத்தலாகத் தோன்றுவது உங்கள் காதுக்குச் சாதாரணப் பேச்சாக இருந்தால், அதுதான் சரியான அளவு.

அடுத்தது சுருதி ஏற்றம், விழுங்குதலுக்கு நேரடியாக வேலை செய்வது இதுதான். 'ஈ' என்று வசதியான அடிக்குரலில் தொடங்கி, ச-ரி-க-ம என்று படிப்படியாக இல்லாமல், ஒரே வழுக்கலாக உச்சிக்குப் போய், மெல்லிய கள்ளக் குரலில் சில விநாடி நிறுத்த வேண்டும், பலத்தோடு. இப்படி அழுத்தி ஏற்றும்போது குரல்வளை ஏறுவதோடு தொண்டைக் குழலும் குறுகுகிறது, விழுங்கும்போது நடப்பதைப் போலவே. உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாகப் பழகிய பாடகர்கள் பலர், குரல்வளையை ஏறவிடாமலே மேல் ஸ்தாயியைத் தொடக் கற்றிருப்பார்கள். பாட்டுக்கு அது நல்லது, இந்தப் பயிற்சியின் பலனை அது கெடுத்துவிடும். "அழகாகப் பாட வேண்டாம் அப்பா, குரல் கிழிந்து கீச்சென்று போகட்டும்" என்று சொல்லுங்கள். தொண்டைக் குமிழ் மேல் அவருடைய விரலையே வைக்கச் சொன்னால், ஏறுகிறதா என்று அவருக்கே தெரியும்.

கோவிலில் பாடுவது பயிற்சிக்குப் பதிலாகாததற்கும் காரணம் இதுதான். பதிகம் பாடும்போது பழகிய சுருதியில், பழகிய மூச்சில், சேர்ந்து பாடுகிறவர்கள் குரலுக்குள் ஒளிந்துகொண்டு பாடலாம். தசை வளர அதன் எல்லையைத் தாண்டி வேலை கொடுக்க வேண்டும். ஆனால் பாடட்டும், கட்டாயம் பாடட்டும். பயிற்சியில் எட்டிய உரத்தை மனிதர்கள் நடுவே பயன்படுத்தாவிட்டால் அது நிலைக்காது. அன்றாடம் சொல்கிற பத்து வாக்கியங்களை, 'தண்ணி கொண்டு வா', 'மாத்திரை போட்டாச்சு' போன்றவற்றை, உரக்கச் சொல்லும் பயிற்சியும் தாளில் இருக்குமே, அதற்கும் நோக்கம் இதுதான். ஒரு நிபந்தனை: பிரசாதம் வாயில் இருக்கும்போதோ சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ளோ பாட்டு வேண்டாம்.

பலமாக விழுங்குதல் என்று ஒன்று எழுதியிருந்தால், வாய்க்குள் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, தொண்டைத் தசை எல்லாவற்றையும் இறுக்கி எச்சிலை விழுங்குவது. எச்சில் வறண்டுபோனால் தொடர்ந்து செய்ய முடியாது, இடையில் அவருக்கு அனுமதித்த பானத்தில் அரை டீஸ்பூன் கொடுங்கள். மூச்சை அடக்கி விழுங்கிவிட்டு உடனே இருமுகிற முறையை யாராவது சொல்லிக்கொடுத்தால், அவருக்கு இதய நோயோ பக்கவாதமோ இருந்ததா என்று டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மூச்சை இறுக்கி அடக்குவது இதயத் துடிப்பைக் குழப்பியதைக் கண்டிருக்கிறார்கள். படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கும் பயிற்சியும் கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்கு ஆகாது.

குரலைத் தாண்டி, பார்க்கின்சனில் புரையேறுவதைக் குறைக்கக் கூடுதல் ஆதாரம் உள்ள பயிற்சி ஒன்று உண்டு: தடையை எதிர்த்து வேகமாக ஊதும் சிறு கருவி. 5 தடவை ஊதுவது ஒரு சுற்று, நாளைக்கு 5 சுற்று, வாரம் 5 நாள், 4 வாரம். அவரால் ஊத முடிகிற உச்ச அழுத்தத்தில் 75 விழுக்காட்டுக்குக் கருவியைத் திருகி வைப்பார்கள். 2010-இல் வெளியான, 60 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில் மூச்சுப் பாதையின் பாதுகாப்பு மேம்பட்டது. அடங்காத ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இருந்தால் கூடாது. இது உங்கள் அப்பாவுக்கு ஆகுமா என்று கேட்டுப் பாருங்கள். தனியார் தெரபிஸ்டிடம் போவதானால் அவர் தென்னாப்பிரிக்காவின் மருத்துவத் தொழில் பதிவுக் குழுவான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றிச் சில சொற்கள். டீயின் கெட்டி சரிதானா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். 0 முதல் 10 மி.லி. வரை உள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கிற ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மி.லி. நிரப்பி, நுனியைத் திறந்து, 10 விநாடியில் மூடுங்கள். மீதி 1 முதல் 4 மி.லி. இருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல், ஆனால் கொஞ்சமாவது வடிந்திருந்தால் மூன்றாம் நிலை. தாளில் எந்த நிலை என்று எழுதியிருக்கும். டீயைக் கலக்கிச் சில நிமிஷம் விட்டு, குடிக்கிற சூட்டில் சோதியுங்கள். மாவுச்சத்துப் பொடியாக இருந்தால், எச்சில் பட்ட கரண்டியை மறுபடி மறுபடி கோப்பைக்குள் விட்டால் எச்சில் அதைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். சாந்தன் பசை கலந்த பொடிக்கு அந்தத் தொல்லை குறைவு.

நம் வீட்டுச் சாப்பாட்டில் எனக்குப் பயம் தருவது காரம் இல்லை, நீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்பது. ரசம் சாதத்தில் ரசம் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை வாயில் நிற்கும். சோற்றைக் கெட்டிப் பருப்போடு குழைத்துக் கொடுங்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ மாதிரிச் சாப்பாடு இப்போதைக்கு வேண்டாம், மென்ற ரொட்டி உருண்டையாகி ஒட்டிக்கொள்ளும். அம்மன் கூழைச் சல்லடையில் வடித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே திரளாக விழுகிறதா என்று பாருங்கள். அந்தப் பதமும் அவருக்கு அனுமதித்த பதமும் ஒன்றாக இருந்தால் மட்டும் கொடுங்கள். இரவு படுக்குமுன் பல் விளக்குவதை விடாதீர்கள். எச்சில் புரையேறினாலும் அதில் கிருமி குறைவாக இருந்தால் நுரையீரல் தப்பும்.

புரையேறினால் தலையில் தட்ட வேண்டாம், அதனால் எதுவும் வெளியே வராது. தண்ணீரும் கொடுக்காதீர்கள், அண்ணாந்து பார்க்கவும் சொல்லாதீர்கள். முன்னால் குனிய வைத்து இருமவிடுங்கள். சத்தத்தோடு இருமுகிறார், பேச முடிகிறது என்றால் காற்று போய்வருகிறது, கை வைக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். குரலே வரவில்லை, இருமலில் சத்தம் இல்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தடவை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 தடவை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இன்னொருவரை 10177-க்கு, கைபேசியானால் 112-க்கு, அழைக்கச் சொல்லுங்கள்.